ஆயிரம் வாலா: ஒரு விகுதி வந்த வழி

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் இந்தி பேசத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கொதித்த மாநிலம் இது. 1968 முதல் அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும்தான். ஆனாலும் அந்த ஊரிலும் அதைச் சுற்றிய பட்டாசு வட்டாரத்திலும் ஓர் இந்தி விகுதியைச் சொல்லாத வாய் கிடையாது. நூறு வாலா, ஆயிரம் வாலா, ஐயாயிரம் வாலா, பத்தாயிரம் வாலா. சரம் பின்னுகிற அக்கா சொல்கிறார், பெட்டி ஏற்றுகிற லோடுமேன் சொல்கிறார், “அண்ணாச்சி, ரெண்டாயிரம் வாலா என்ன ரேட்டு?” என்று கடைவாசலில் நிற்கிற பையனும் சொல்கிறான். அரசாங்கம் கொண்டுவந்த இந்தியைத் தடுத்த ஊர்கள், சந்தை கொண்டுவந்த இந்தியைத் தீபாவளி வாசலில் கோலத்துக்குப் பக்கத்திலேயே கிடத்திக்கொண்டன.

இதே சொல் ஆங்கிலத்திலும் உண்டு. இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போய், பேச்சுவழக்குச் சொல் என்ற குறிப்போடு ஆங்கில அகராதிகளில் இடம்பிடித்தது. ஏதோ ஒரு வேலையோடோ பொருளோடோ சேர்த்துப் பார்க்கப்படுகிற ஆள் என்று அங்கே பொருள். இந்தியில் உடைமையைச் சொன்ன ஒரு விகுதி, ஆங்கிலத்தில் ஆளைக் குறிக்கும் தனிச் சொல்லாகி, சிவகாசியில் வெடியின் எண்ணிக்கையோடு ஒட்டிக்கொண்டது எப்படி என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. சொல்லின் வழியே போனால், அது ஒட்டியிருக்கும் பொருளைச் செய்கிறவர்களிடமும் அதைத் தடைசெய்த நீதிமன்றத்திடமும் வந்து சேர்கிறோம்.

வேரிலிருந்து தொடங்கலாம். ‘வாலா’வின் மூலம் சமஸ்கிருதத்தின் ‘பால’ என்று மொழியறிஞர்கள் காட்டுகிறார்கள். காப்பவன், பேணுபவன் என்பது பொருள். பசுவைக் காக்கும் கோபாலன் வடக்கே பேச்சில் தேய்ந்து ‘குவாலா’ ஆனான். இன்றும் அங்கே பால்காரருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் அதுதான் பெயர். காப்பவன் என்ற பொருள் மெல்ல விரிந்து, உடையவன், விற்பவன், ஓர் ஊரைச் சேர்ந்தவன், ஒன்றைச் செய்யப்போகிறவன் என்று எங்கும் பொருந்தும் விகுதியாயிற்று. தூத்வாலா பால் கொண்டுவருபவர், தில்லிவாலா தில்லிக்காரர். தமிழில் ‘-காரர்’ செய்கிற வேலையில் பெரும்பகுதியை இது செய்கிறது.

ஆனால் ‘-காரர்’ செய்யாத ஒரு வேலையும் இதற்கு உண்டு. கடையில் பல நிறத் துணிகள் கிடந்தால், ‘லால் வாலா’ என்று கையை நீட்டுவார்கள். அந்தச் சிவப்பு என்று பொருள். ரூபாய்த் தாள்களில் ‘தஸ் வாலா’ என்றால் பத்து ரூபாய்த் தாள். இங்கே வாலா உடைமையைச் சொல்லவில்லை, அடையாளம் காட்டுகிறது. பல பொருள்களுக்கு நடுவே ஒன்றை அதன் ஒரே ஒரு குணத்தால் பிரித்துக் காட்டுகிறது. நிறமோ விலையோ எண்ணோ, ஏதாவது ஒன்று போதும். சிவகாசியின் வாலா பிறந்தது இந்தப் பயன்பாட்டிலிருந்துதான். ‘ஆயிரம் வாலா’ என்றால் ‘அந்த ஆயிரம்’ என்கிற ரகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தி இலக்கணம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. அங்கே இந்த விகுதி பால் பார்த்து மாறும். ஆணுக்கு வாலா, பெண்ணுக்கு வாலி. வெடிச்சரத்துக்கு அங்கே ‘லடி’ என்று பெயர், அது பெண்பால். அதனால் தில்லிக் கடைத்தெருவில் முறையாகக் கேட்பவர் ‘தஸ் ஹஸார் வாலி லடி’ என்றுதான் கேட்பார். நாம் அதை ஆண்பாலிலேயே உறையவைத்துக்கொண்டோம். ஆங்கிலேயர்களும் அப்படியே செய்தார்கள். வாலி, வாலே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாலாவை மட்டும் எடுத்துக்கொண்டு, பன்மைக்குத் தங்கள் எழுத்து ஒன்றைக் கடைசியில் சேர்த்தார்கள். பேச்சுவழக்குக்குச் சொல் மட்டும் போதும், இலக்கணம் வேண்டாம்.

ஆங்கிலத்தில் இது குடியேறிய கதைக்குத் தஞ்சாவூர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் இந்தியாவில் பேசிய கலப்புச் சொற்களுக்கெல்லாம் ஓர் அகராதி 1886இல் வெளிவந்தது. ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்பது அதன் பெயர். முகரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று மாரடித்து அழுதவர்களின் குரல் வெள்ளைச் சிப்பாய்களின் காதில் அப்படி விழுந்ததாம். அதைத் தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல். மற்றவர் ஆர்தர் கோக் பர்னெல், சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874இல் எழுதியவர், தஞ்சை அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880இல் அட்டவணை வெளியிட்டவர். 1882இல் அவர் இறந்துவிட, யூல் தனியாக இருந்து புத்தகத்தை முடித்தார். சுவடி படித்த அதே கண், தெருவில் புழங்கிய கொச்சைச் சொல்லையும் மதித்துக் குறித்துக்கொண்டது. இந்தக் குணத்துக்காகவே பர்னெல் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. நம் புலமை மரபில் இது இன்னும் அரிது.

வாலாவைப் பற்றி அந்த அகராதி விரிவாகப் பேசுவது ‘காம்பெட்டிஷன் வாலா’ என்ற சொல்லின் கீழே. 1850களின் நடுவில் சிவில் சர்வீஸுக்குப் போட்டித்தேர்வு வந்தது. அதுவரை ஹெய்லிபரி கல்லூரியில் படித்து, செல்வாக்கின் பேரில் பதவிக்கு வந்தவர்களுக்குப் பரீட்சை எழுதி வந்த இளைஞர்களைப் பிடிக்கவில்லை. ‘போட்டிக்காரப் பயல்கள்’ என்கிற தொனியில் வைத்த பட்டப்பெயர்தான் அது. 1864இல் ஜார்ஜ் ஆட்டோ டிரெவெல்யன் அதையே தலைப்பாக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். சொல் லண்டனில் வேர்விட்டது.

அந்தப் பட்டப்பெயர் செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மனிதனின் படிப்பு, ஊர், குணம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தான் என்ற ஒன்றை மட்டும் அவன் நெற்றியில் ஒட்டியது. அதிகாரிகளுக்குள்ளேயே இப்படியென்றால், அவர்களுக்கு வேலை செய்த இந்தியர்களுக்கு வேறு பெயரே இல்லாமல் போயிற்று. பங்கா இழுப்பவர் பங்கா வாலா. பாளையத்தில் தேநீர் விற்பவர் சார் வாலா. துணிமணியும் சில்லறைச் சாமானும் பெட்டியில் சுமந்து பங்களா பங்களாவாகப் போய் விற்றவர் பாக்ஸ் வாலா. பிறகு கல்கத்தா வணிக நிறுவனங்களில் உட்கார்ந்த வெள்ளைக்காரர்களையே சிவில் சர்வீஸ்காரர்கள் பாக்ஸ் வாலா என்று இளக்காரமாகச் சொன்னார்கள். முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்கள், பின்னால் முகாமில் பத்திரமாக இருந்தவர்களை ‘பேஸ் வாலா’ என்றார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழங்கிய இடங்களிலெல்லாம் ஓர் ஏற்ற இறக்கம் இருக்கிறது. சொல்கிறவர் மேலே, சொல்லப்படுகிறவர் கீழே. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1974 முதல் 1981 வரை ஓடிய ஒரு நகைச்சுவைத் தொடரில்கூட, இந்தியப் பாத்திரங்கள் பங்கா வாலா, சார் வாலா என்றே வந்தார்கள்.

இங்கே இரண்டு போலிகளை விலக்கிவிட வேண்டும். வாலாஜாபேட்டை, வாலாஜாபாத், சென்னையின் வாலாஜா சாலை ஆகியவற்றில் இருப்பது இந்த வாலா இல்லை. ஆற்காடு நவாப் முகம்மது அலியின் பட்டமான ‘வாலாஜா’ பாரசீகம், உயர்ந்த தகுதி உடையவர் என்று பொருள். அதேபோல இன்றைய லண்டன் இளைஞர்கள் பேச்சுக்குப் பேச்சு சேர்க்கும் ‘வல்லாஹி’ அரபியில் ஆண்டவன் மீது ஆணை. ஒலி நெருக்கத்தை மட்டும் வைத்துச் சொந்தம் கொண்டாடுவது சொல்லாராய்ச்சியில் எளிதில் விழக்கூடிய குழி.

வடக்கே இந்த விகுதிக்கு வேறொரு வாழ்வும் வாய்த்தது. பாரசிகளும் குஜராத்தியரும் அதைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். பாட்டில் விற்ற குடும்பம் பாட்லிவாலா. மும்பையில் 1890 முதல் சாப்பாடு சுமக்கிறவர்கள் தங்களை டப்பாவாலா என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். 2014 தேர்தல் சமயத்தில் ‘சாய்வாலா’ இளக்காரமாக வீசப்பட்டு, அதுவே ஒரு கட்சியின் முழக்கமாகத் திரும்பி வந்தது. மாணவர்களிடையே இன்று ‘பிசிக்ஸ் வாலா’ என்ற பயிற்சி நிறுவனத்தைத் தெரியாதவர் குறைவு. வெள்ளைக்காரன் ஏறி நின்று சொன்ன சொல்லை இவர்கள் தாங்களே எடுத்து அணிந்துகொண்டார்கள். யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் ஒரு பேச்சுவழக்குச் சொல்லின் பொருளில் பாதி இருக்கிறது.

அந்தக் குடும்பப் பெயர்களில் ஒன்று நம்மை நேராகப் பட்டாசு அறைக்கே கொண்டுவருகிறது: தாருவாலா. பாரசீகத்தில் ‘தாரு’ என்றால் மருந்து. குஜராத்தியில் அது சாராயத்துக்கும் வந்தது, வெடிமருந்துக்கும் வந்தது. அங்கே வாணவேடிக்கைப் பொருள்களுக்கு ‘தாருகானா’ என்று பெயர். மும்பையின் துறைமுகப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு பகுதியே இருக்கிறது. நோய்க்குக் கொடுப்பதும் வெடிக்குள் அடைப்பதும் ஒரே சொல் என்பது தமிழருக்குப் புதிதில்லை. சிவகாசியில் யாரும் ‘வெடிமருந்து’ என்று முழுதாகச் சொல்வதில்லை, ‘மருந்து’ என்றாலே போதும். மருந்துக் கலவை அறை, மணிமருந்து, மருந்து செலுத்துதல். விபத்துச் செய்திகளில் ‘மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு’ என்ற தொடரை எத்தனை முறை படித்திருப்போம். இந்தப் பெயரின் ஆதி சீனத்தில் இருக்கிறது. வெடிமருந்துக்குச் சீனர்கள் இட்ட பெயரே ‘நெருப்பு மருந்து’. சாகாவரம் தரும் மருந்தைத் தேடிய ரசவாதிகளின் அடுப்பில் பிறந்தது அது.

சீனத்தின் தடம் நம் வாயிலும் இருக்கிறது. சரவெடியில் வரும் சின்ன வெடிக்கு ஈழத்தில் ‘சீனவெடி’ என்று பெயர். தென்மாவட்டங்களில் அது ‘சீனிவெடி’ ஆயிற்று. சர்க்கரைக்கும் வெடிக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். உண்மையில் சர்க்கரைக்குச் சீனி என்ற பெயர் வந்ததும் சீனத்திலிருந்துதான். மத்தாப்பு பாரசீகத்தின் ‘மஹ்தாப்’, நிலவொளி. பிஜிலி இந்தியின் மின்னல். ஃபேன்சி என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சிவகாசியில் ஒரே பொருள்தான், வானத்தில் போய் வெடிக்கிற ரகம். விஜயநகரத்துக்கு 1443இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கே வாணவேடிக்கை கண்டதை எழுதியிருக்கிறார். பி.கே. கோடே 1953இல் இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை எழுதியபோது பயன்படுத்திய சான்றுகளில் அதுவும் ஒன்று. வெளியிலிருந்து ஒவ்வொரு பொருளும் தன் பெயரோடுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

சிவகாசித் தொழிலின் தொடக்கமே வடக்கு நோக்கிய பயணம்தான். மழை பொய்த்த கரிசல் காட்டிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி தொடங்கியது. மருந்தும் காகிதமும் கைக்குப் பழகிய பிறகு பட்டாசு வந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் பெற்ற ஆலைகள் முறையாக எழுந்தன. மழை குறைவு, வெயில் அதிகம், விவசாயம் போதாத கைகள் ஏராளம். லேபிள் அடிக்க அச்சகங்களும் கூடவே வளர்ந்தன. செய்த சரக்கில் பெரும்பகுதி வடமாநிலங்களுக்குத்தான் போனது. வாங்குகிறவர் மொழியில் சரக்குக்குப் பேர் வைப்பது வியாபாரத்தின் பாலபாடம். பிஜிலி என்ற பெயர் மதுரையில் விற்பதற்காக வைத்ததாக இருக்க முடியாது. வாலாவும் அந்த வழியில் லேபிளில் ஏறி, லேபிளிலிருந்து நம் பேச்சில் இறங்கியது என்பதே என் முடிவு. முதலில் சீனம் என்ற நாட்டின் பெயரால் அறியப்பட்ட வெடி, பிறகு எண்ணின் பெயரால் அறியப்படலாயிற்று.

அந்த எண் எப்படி உருவாகிறது என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். விரல் மொத்தம்கூட இல்லாத காகிதக் குழாய்களைச் சுருட்டி, வளையத்துக்குள் நெருக்கமாக நிறுத்துகிறார்கள். அடிப்பக்கத்தைக் களிமண்ணால் அடைத்து, மேலிருந்து மருந்து செலுத்தி, திரி செருகுகிறார்கள். அலுமினியத் தூள் படிந்த கை எத்தனை முறை கழுவினாலும் சாம்பல் நிறத்தில் பளபளத்துக்கொண்டே இருக்கும். பிறகு பின்னல். தரையில் கால்நீட்டி உட்கார்ந்த பெண்கள், ஒவ்வொரு வெடியின் திரியையும் நடுத்திரியோடு சேர்த்து, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே போகிறார்கள். பூக்கட்டுகிற அதே விரல்வேகம். ‘சரம்’ என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதானே, பூச்சரம், முத்துச்சரம், வெடிச்சரம். பெரும்பாலும் கூலி செய்த எண்ணிக்கைக்குத்தான். ஒரு வெடி குறைந்தாலும் கணக்கில் தெரியும். முடிந்த சரத்தைச் சுருட்டி, சிவப்புத் தாளில் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் ‘வாலா’ லேபிளை ஒட்டினால் பெட்டிக்குத் தயார்.

பின்னுகிறவருக்கு அவ்வளவு கறாரான அந்த எண், லேபிளுக்கு வந்ததும் நெகிழ்ந்துவிடுகிறது. ஆயிரம் வாலாவைப் பிரித்து எண்ணினால் ஆயிரம் இருக்காது என்பது வாங்குகிறவர்களின் பழைய குறை. கடைக்காரர்கள் அதை மறைப்பதும் இல்லை, ‘வாலான்னா அப்படித்தான்’ என்பார்கள். இங்கேதான் அந்த இந்தி இலக்கணம் வேலை செய்கிறது. ‘ஆயிரம் வெடி’ என்று அச்சிட்டிருந்தால் அது கணக்கு, குறைந்தால் மோசடி. ‘ஆயிரம் வாலா’ என்றால் அது ரகத்தின் பெயர். ‘அந்த ஆயிரம்’. போட்டித்தேர்வு எழுதியவனை ஒரே சொல்லில் அடைத்த விகுதி, இங்கே எண்ணிக்கையை எண்ணிக்கையாக இல்லாமல் ஆக்கி, வெறும் பெயராக மாற்றிவிட்டது. எண்ணிக்கையால் விற்கும் பொட்டலத்தில் உள்ளே எத்தனை என்பதை அச்சிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. அதைத் தாண்டிப் போக இந்தக் குட்டி விகுதி வழிவிட்டது சரியில்லை என்றே நினைக்கிறேன். உள்ளே குறைவாக வைக்கிறவர் வாங்குகிறவரை மட்டும் ஏமாற்றவில்லை, ஒவ்வொன்றாக எண்ணிப் பின்னிய கையையும் அவமதிக்கிறார்.

சட்டமோ இந்த எண்ணை மிகவும் மதித்தது. பட்டாசின் ஒலிக்கு 1999 அக்டோபரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளக்கும்போது ஒற்றை வெடியின் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரத்தில் கோத்த வெடியென்றால் இன்னும் குறைய வேண்டும். எவ்வளவு என்பது சரத்தின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணிக்கை பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் 5 டெசிபல் குறைய வேண்டும் என்கிறது அந்தச் சூத்திரம். நூறு வெடிச் சரத்தில் ஒவ்வொரு வெடியும் 115க்குள், ஆயிரத்தில் 110க்குள், பத்தாயிரத்தில் 105க்குள். ஆக லேபிளில் இருக்கும் எண், விதியின் கணக்கில் நேராகப் போய் உட்காருகிறது. அது வெறும் ரகப்பெயரென்றால் இந்தக் கணக்கு எதன் மேல் நிற்கும்?

அந்தக் கேள்விக்கே பின்னர் இடமில்லாமல் போயிற்று. 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் சரவெடியைத் தயாரிப்பதையும் விற்பதையும் வெடிப்பதையும் மொத்தமாகத் தடைசெய்தது. காற்றுமாசு, ஒலிமாசு, மலைபோல் குப்பை, இந்த மூன்றும் காரணங்கள். பேரியம் உப்புக்கும் தடை வந்தது. தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடிக்கும் தமிழ்நாட்டு வழக்கத்தை எடுத்துச் சொன்ன பிறகு, அந்த இரண்டு மணி நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இங்கே பிரிந்தது. தீர்ப்பு சரவெடியைக் குறித்த சொல் ‘லரி’, வடக்கின் லடியேதான். நாரணாபுரத்தில் பின்னப்பட்ட ஒரு பொருள், நாரணாபுரத்தில் யாரும் சொல்லாத பெயரால் தடைசெய்யப்பட்டது.

தீர்ப்பை எதிர்த்து 2018 நவம்பரில் ஆலைகளைப் பூட்டினார்கள். சரவெடி மட்டுமே பின்னத் தெரிந்த பெண்களுக்கு அந்த மாதங்கள் கடுமையாக இருந்தன. மற்ற ரகங்களில் இருப்பது வேறு கைவேலை, பின்னல் அங்கே உதவாது. 2023 செப்டம்பரில் மறுபடி அனுமதி கேட்டபோதும் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. காற்றைப் பற்றிய அக்கறை நியாயமானது. தில்லியின் குளிர்காலப் புகையில் மூச்சுத் திணறும் குழந்தையின் முன்னால் யாரும் வாதாட முடியாது. ஆனால் தடை போட்ட அதே வேகத்தில், அந்த விரல்களுக்கு மாற்று வேலை என்ன என்று எந்த அரசும் உட்கார்ந்து யோசித்ததாக நான் காணவில்லை. ஆய்வில் சரவெடி பிடிபட்டால் ஆலையின் உரிமம் தற்காலிகமாக ரத்தாகிறது. தடைசெய்த பொருளை மறைவில் செய்யும்போது இடைவெளி, காற்றோட்டம், ஆள் எண்ணிக்கை என்ற பாதுகாப்பு விதிகள்தான் முதலில் காற்றில் போகின்றன. 2012இல் முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோரும் 2021இல் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோரும் இறந்ததைப் பார்த்த வட்டாரம் இது. வெளிப்படையாக இயங்கிய ஆலைகளிலேயே அந்த நிலை.

பொருளுக்குத் தடை வந்தாலும் சொல்லுக்கு வரவில்லை. தலைவர் வருகைக்கும் புதுப்படத்தின் முதல் காட்சிக்கும் ‘பத்தாயிரம் வாலா’ இல்லாமல் பேச்சு ஓடாது. நிறுத்தாமல் பேசுகிறவரைச் சரவெடி என்கிறோம். ஒரு காலத்தில் தெருவில் யார் வீட்டு வாசலில் சிவப்புத் தாள் அதிகம் குவிந்திருக்கிறது என்பதில் குடும்ப கௌரவமே இருந்தது. நீதிமன்றம் குப்பை என்றதும் அதையேதான். ஆனால் இத்தனைப் புழக்கத்திலும் வாலா என்ற விகுதி ஒரு முறைகூடச் செய்தவரிடம் போய் ஒட்டவில்லை. பங்கா இழுத்தவருக்கும் டப்பா சுமந்தவருக்கும் கிடைத்தது அந்தப் பெயர். ஆயிரம் வாலாவைப் பின்னியவர் ‘சரம் பின்றவங்க’ என்பதோடு சரி. இந்த வட்டாரத்தில் வாலா என்றால் வெடி, மனிதர் இல்லை.

இப்போது கடைகளில் வாலாவின் இடத்தை ‘ஷாட்’ பிடித்துக்கொண்டு வருகிறது. 30 ஷாட், 60 ஷாட், 120 ஷாட். இதுவும் வெளியிலிருந்து வந்த சொல்தான், ஆனால் இது அலகு. 60 ஷாட் என்றால் அறுபது முறை மேலே போக வேண்டும், குழந்தையே எண்ணிச் சொல்லிவிடும். வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் இது நேர்மையான பெயர்.

தமிழ் அகராதி செய்கிறவர்கள் வாலாவை இந்திச் சொல், வடவர் சொல் என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், சிவகாசி கொடுத்த பொருளையும் தனியாகக் குறிக்க வேண்டும். அதற்குச் சான்று அந்த ஊரிலேயே இருக்கிறது. பட்டாசு லேபிள் அச்சடித்த பழைய அச்சகங்களில் மாதிரித் தாள்கள், விலைப்பட்டியல்கள், பிளாக்குகள் மூட்டையாகக் கிடக்கும். தடைக்குப் பிறகு சரவெடி லேபிளை வைத்திருந்து பயனில்லை என்று அவை எடைக்குப் போகக்கூடும். அச்சக உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: போடுவதற்கு முன் ஒவ்வொரு லேபிளிலும் ஒரு பிரதியை எடுத்து, அடித்த ஆண்டு தெரிந்தால் பின்னால் பென்சிலில் எழுதி, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.